எலெக்ட்ரிக் கார் வாங்கப் போன கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோருக்கும் சில அனுபவங்கள் பொதுவானவை. இன்று வாங்கிய மாடலின் விலை அடுத்த மாதமே குறைந்துவிடும். வீட்டில் இருக்கும் பழைய பிரிண்டரை இணைக்கப் போனால், அந்தக் கேபிளுக்கான போர்ட் புதிய கம்ப்யூட்டரில் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டால், “அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்” என்பார். இந்த மூன்று தலைவலிகளுக்கும் நான்கு சக்கரம் மாட்டி, 35,000 யூரோ விலையும் போட்டால் எப்படி இருக்கும்? 2023-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எலெக்ட்ரிக் கார் வாங்கப் புறப்பட்ட எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் ஜெர்மனியில் சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு குடும்பங்கள் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். என் பெட்ரோல் கார் பழசாகிவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், எலெக்ட்ரிக்காகவே வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். வண்டியின் வேகம், பேட்டரியின் அளவு, திரையின் அகலம் என எல்லாவற்றையும் படித்துத் தயாராகத்தான் ஷோரூமுக்குப் போனேன்.

முதல் கேள்வி

விற்பனையாளர் இளைஞர். நான் படித்து வைத்திருந்த எதையும் அவர் கேட்கவில்லை. “காரை எங்கே சார்ஜ் செய்வீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் எனக்கு ஒரு பார்க்கிங் இடம் உண்டு. ஆனால் அங்கே ஒரு சாதாரண ப்ளக் பாயின்ட் கூடக் கிடையாது.

“அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். அவசரம் என்றால், அதோ அந்தப் பெட்ரோல் மாடல் அடுத்த வாரமே கிடைக்கும்” என்றார். எலெக்ட்ரிக் கார் கேட்டு வந்தவனைப் பெட்ரோல் கார் பக்கம் தள்ளுகிறாரே என்று அப்போது கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

2020 டிசம்பர் 1 முதல் ஜெர்மனியில் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வாடகைக்கு இருப்பவரும் தன் பார்க்கிங் இடத்தில் சார்ஜர் பொருத்த அனுமதி கேட்கலாம். தகுந்த காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. ஆனால் செலவு கேட்பவருடையது. எப்படிச் செய்வது என்பதைக் கட்டடத்தின் உரிமையாளர்கள் எல்லோரும் கூடி முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்காரம்மா நல்லவர். “எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உரிமையாளர் கூட்டம் வருடத்துக்கு ஒரு முறைதான். அடுத்தது மே மாதம்” என்றார். அப்போது நடந்துகொண்டிருந்தது அக்டோபர்!

சொந்த வீடும் கராஜும் இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை ஒரு நாள் எலெக்ட்ரீஷியன் வேலை. ஆனால் ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் எலெக்ட்ரிக் கார் எப்போதும் தோட்டம் வைத்த தனி வீட்டின் வாசலில்தான் நிற்கும்.

எந்த ப்ளக்?

யூ.எஸ்.பி. வருவதற்கு முன்பு மவுஸுக்கு ஒரு போர்ட், பிரிண்டருக்கு ஒரு போர்ட் என்று இருந்தது நினைவிருக்கிறதா? எலெக்ட்ரிக் கார்களும் அதே கட்டத்தைத் தாண்டித்தான் வந்தன. ஜப்பானின் நிசான் லீஃப் 2011-இல் ஐரோப்பாவுக்கு வந்தபோது, விரைவு சார்ஜுக்கு அதில் சாடெமோ என்ற ஜப்பானிய முறை இருந்தது. ஜெர்மனி டைப் 2 என்ற ப்ளக்கை முன்னிறுத்தியது. பிரெஞ்சு, இத்தாலிய நிறுவனங்கள் டைப் 3 என்று வேறொன்றைக் கொண்டுவந்தன. 2013 ஜனவரியில் ஐரோப்பியக் கமிஷன் டைப் 2-ஐத் தேர்ந்தெடுத்தது. 2014-இல் வந்த நெறிமுறை அதையும், விரைவு சார்ஜுக்கு சிசிஎஸ் என்ற முறையையும் பொதுவாக்கியது.

ப்ளக் ஒன்றானாலும் பணம் கட்டும் முறை ஒன்றாகவில்லை. ஒவ்வொரு சார்ஜர் நிறுவனத்துக்கும் தனி கார்டு, தனி ஆப், தனிக் கட்டணம். என் சக ஊழியர் ஒருவர் பர்ஸில் ஐந்து கார்டுகள் வைத்திருந்தார். பெட்ரோல் பங்கில் விலை தூரத்திலிருந்தே தெரியும். சார்ஜரிலோ, எந்தக் கார்டைக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். 2024 ஏப்ரல் 13 முதல், புதிதாக அமைக்கும் 50 கிலோவாட் மற்றும் அதற்கு மேற்பட்ட சார்ஜர்களில் சாதாரண வங்கிக் கார்டை ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. நல்ல விதிதான். லீஃப் ஐரோப்பாவுக்கு வந்து 13 வருடம் கழித்து வந்தது.

எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

மார்க்கெட்டிங் செய்தவர்கள் தாங்களே தோண்டிக்கொண்ட குழி இது. முதல் லீஃபின் பேட்டரி 24 யூனிட். ஒரு முறை சார்ஜ் செய்தால் 175 கிலோமீட்டர் ஓடும் என்பது அன்றைய ஐரோப்பியச் சோதனைக் கணக்கு. அதே காருக்கு அமெரிக்க அரசின் சோதனை தந்த கணக்கு 73 மைல், அதாவது சுமார் 117 கிலோமீட்டர்! குளிர்காலத்தில் ஹீட்டரும் போட்டால் இன்னும் குறையும். 175 என்று நம்பி வாங்கியவர் ஜனவரிப் பனியில் பேட்டரி முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவர் நண்பர்களிடம் சொன்னது எந்த விளம்பரத்தையும்விட வேகமாகப் பரவியது.

2017 செப்டம்பரிலிருந்து டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான சோதனை முறை ஐரோப்பாவில் வந்தது. பேட்டரிகளும் பெரிதாகிவிட்டன. ஆனாலும் ஷோரூமில் சொல்லும் கிலோமீட்டரை நம்பாத பழக்கம் மக்களிடம் தங்கிவிட்டது.

கைவிடப்பட்டவர்கள்

எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர் பல பேருடைய வாக்கையும் சேர்த்தே வாங்குகிறார். சார்ஜர் இருக்கும் என்ற வாக்கு, சாப்ட்வேர் அப்டேட் வரும் என்ற வாக்கு, கம்பெனி நிலைக்கும் என்ற வாக்கு. இவற்றில் ஒன்று பொய்த்தாலும் அடுத்து வாங்க நினைப்பவர் பின்வாங்குகிறார். ஐரோப்பாவில் இது திரும்பத் திரும்ப நடந்தது.

பெங்களூரில் தயாரான ரேவா காரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது 2004 முதல் லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் விற்பனையானது. நகருக்குள் நுழையும் நெரிசல் கட்டணம் கிடையாது என்பதே அதன் பெரிய விளம்பரம். ஐரோப்பிய விதிப்படி அது கார் வகையில் சேரவில்லை. அதனால் கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனையும் அதற்குத் தேவைப்படவில்லை. 2007-இல் சோதித்துப் பார்த்தபோது முடிவு மோசமாக இருந்தது. எலெக்ட்ரிக் கார் என்றால் பொம்மைக் கார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பெட்டர் பிளேஸ் நிறுவனத்தின் கதை இன்னும் சோகம். இதைத் தொடங்கியவர் ஷாய் அகாசி. எஸ்ஏபி என்ற புகழ்பெற்ற சாப்ட்வேர் நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சில நிமிடங்களில் மாட்டித் தரும் நிலையங்களை டென்மார்க்கிலும் இஸ்ரேலிலும் அமைத்தார். காரை ரெனோ தயாரித்தது. பேட்டரி மட்டும் பெட்டர் பிளேஸுடையது. மாதக் கட்டணம் கட்ட வேண்டும். 2013 மே மாதம் நிறுவனம் திவாலானது. வாங்கியவர்களின் கையில் கார் இருந்தது, பேட்டரி மாற்றும் நிலையம் இல்லை.

பெரிய நிறுவனங்களும் தடுமாறின. ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3 கார் 2020 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதன் சாப்ட்வேர் முழுமையாகவில்லை. இரண்டு வசதிகள் இல்லாமலே உடனே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது காத்திருங்கள் என்று வாங்குபவர்களிடம் சொன்னார்கள். நம் துறைக்கு இது புதிதல்ல. கார் வாங்குபவருக்குப் புதிது.

ஒரு சனிக்கிழமை

என் கதைக்கு வருகிறேன். மே மாதக் கூட்டம் வரை தெருமுனைப் பொது சார்ஜரை வைத்துச் சமாளிக்கலாம் என்று துணிந்து, ஆர்டர் படிவத்தை வாங்கி வந்தேன். கார் பிப்ரவரியில் வரும். ஜெர்மன் அரசு 2016 முதல் எலெக்ட்ரிக் கார்களுக்கு மானியம் தந்துவந்தது. 2024-இல் பதிவாகும் காருக்கு அரசு 3,000, தயாரிப்பாளர் 1,500 என மொத்தம் 4,500 யூரோ கிடைக்க வேண்டும். இதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. மானியத்துக்கு நாளை இரவு வரைதான் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் நவம்பரில் அரசின் பருவநிலை நிதிக்கான 60 பில்லியன் யூரோவைச் செல்லாது என்று தீர்ப்பளித்ததால், பணம் இல்லை. காரைப் பதிவு செய்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பது விதி. ஆகவே ஆர்டர் கொடுத்துவிட்டுக் காருக்காகக் காத்திருந்தவர்களுக்கு அரசுப் பணம் இல்லை என்றாகிவிட்டது. சில தயாரிப்பாளர்கள் தங்கள் கையிலிருந்து ஈடு செய்தார்கள்.

என் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அதை மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். என்னைப் போல எத்தனை பேர் என்பது பிறகு தெரிந்தது. ஜெர்மனியில் 2023-இல் 5,24,219 எலெக்ட்ரிக் கார்கள் பதிவாயின. 2024-இல் 3,80,609 மட்டுமே. 27 சதவீதச் சரிவு! சார்ஜர்கள் கூடியிருந்தன, கார்களும் மேம்பட்டிருந்தன. போனது நம்பிக்கைதான்.

நார்வேயைப் பாருங்கள். அங்கே 1990-களிலேயே எலெக்ட்ரிக் காருக்குப் பதிவு வரி விலக்கு வந்தது. 2001-இல் வாட் வரி விலக்கும் சேர்ந்தது. பெட்ரோல் காருக்குக் கடும் வரி. ஆட்சிகள் மாறியும் இந்தச் சலுகை இருபது வருடங்களுக்கு மேல் நீடித்தது. 2023-இல் குறைத்தபோதும், 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே வாட் வரி போட்டார்கள். 2025-இல் அங்கே விற்ற புதிய கார்களில் 95 சதவீதத்துக்கும் மேல் எலெக்ட்ரிக். நார்வேயின் குளிர் ஜெர்மனியைவிடக் கடுமையானது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியமோ, 2035 முதல் புதிய கார்கள் கார்பன் புகையே விடக்கூடாது என்று 2023-இல் சட்டம் செய்தது. 2025 டிசம்பரில் அதை 90 சதவீதக் குறைப்பாகத் தளர்த்தலாம் என்று கமிஷனே முன்மொழிந்தது. இந்த நிலையில், காரை வாங்குபவர் எதை நம்புவார்?

கடைசியில் வாங்கினேன்!

2024 மே கூட்டத்தில் அனுமதி கிடைத்தது. மீட்டர் அறையிலிருந்து என் பார்க்கிங் வரை கேபிள் இழுத்து சார்ஜர் மாட்டி முடிக்க இலையுதிர் காலம் ஆகிவிட்டது. 2025-இல் மூன்று வருடம் லீஸில் ஓடிய கார் ஒன்றை, புதிய விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கினேன். இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் டெஸ்லா ஜெர்மனியில் சில மாடல்களின் விலையை ஏறக்குறைய 17 சதவீதம் வரை குறைத்தது. புதிய காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். எனக்குக் கிடைத்த லாபம், அந்தக் காரை முதலில் எடுத்தவர்களின் நஷ்டம்.

வாங்குவதற்கு முன் பேட்டரியைச் சோதித்துச் சான்றிதழ் கேட்டேன். 93 சதவீதம் நலமாக இருந்தது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் தருகிறார்கள். அதில் ஐந்து வருடம் எனக்கு மீதி இருக்கிறது.

இப்போது கார் இரவில் அடித்தளத்தில் சார்ஜ் ஆகிறது. காலையில் நிறைந்திருக்கிறது. ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்தி விசாரித்தார். காரின் வேகத்தையோ விலையையோ அவர் கேட்கவில்லை. “கேபிள் இழுக்க யாரைக் கூப்பிட்டீர்கள்? அடுத்த கூட்டம் எப்போது?” என்றுதான் கேட்டார். தேதியைச் சொன்னேன். தன் செல்போனில் குறித்துக்கொண்டார்.