சென்சாருக்கு எங்கிருந்து கரண்ட்?

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்குப் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். அதற்கு முன் வந்த கார்களின் சொந்தக்காரர்கள் பலர் அதைக் கடையில் வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். பெட்டியைப் பிரித்தால் நான்கு வட்ட சென்சார்கள், உள்ளங்கை அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒரு பஸர், பம்பரில் துளை போடும் பிட் ஆகியவை இருக்கும். பம்பரில் துளை கோணலாகிவிடுமோ என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அந்தப் பெட்டியிலிருந்து வரும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மெக்கானிக் எங்கே சேர்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

சென்சாரின் வேலை எளிமையானது. அதனுள் இருக்கும் பீசோ வில்லை விநாடிக்கு 40,000 முறை அதிர்ந்து ஒரு சிறு ஒலித்துடிப்பை அனுப்புகிறது. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது என்பதால் நமக்கு அது தெரியாது. 1 மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் எதிரொலி சுமார் 6 மில்லி விநாடியில் திரும்பிவிடும். அந்த நேரத்தை அளந்து, தூரம் குறையக் குறைய பஸரை வேகமாக அடிக்க வைக்கிறது கட்டுப்பாட்டுப் பெட்டி.

ஆனால் கார் பின்னால் போகப் போகிறது என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? கியர் லீவரிலிருந்து அதற்குத் தனியாக ஒயர் எதுவும் வருவதில்லை. பதில் அந்தச் சிவப்பு ஒயரில் இருக்கிறது. அதை டிக்கிக்குள் ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரோடு சேர்க்கிறார்கள். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் கியர்பாக்ஸில் உள்ள சுவிட்ச் மூடுகிறது, லைட் எரிகிறது, சென்சாருக்கும் உயிர் வருகிறது. கியரை மாற்றினால் இரண்டும் அணைந்துவிடும். மின்சாரமும் அந்த ஒயர்தான், சேதியும் அந்த ஒயர்தான். பழைய கார்களின் ரிவர்ஸ் பல்பு பெரும்பாலும் 21 வாட். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். சென்சார் தொகுப்புக்குச் சில வாட் போதும் என்பதால் அந்த ஒயருக்குப் பெரிய சுமை இல்லை. இவ்வளவு சிக்கனமான யோசனையை முதலில் செய்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் இந்த வழி ஒத்துவராது. காரில் பாசிட்டிவ் ஒயர்கள் மூன்று வகை. பேட்டரியிலிருந்து நேராக வந்து எப்போதும் கரண்ட் இருப்பவை, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுபவை, ரிவர்ஸ் லைட் போல ஒரு செயலைச் செய்தால் மட்டும் உயிர்பெறுபவை. டேஷ்கேம் போன்ற கருவியை முதல் வகையில் இணைத்து மறந்துவிட்டால் என்னாகும்? 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் 2.4 ஆம்பியர்-மணி தின்னும். சின்னக் கார்களில் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் பாதிப் பேட்டரி காலி. பேட்டரி பழசாக இருந்தால் செல்ஃப் அடிக்காது.

12 வோல்ட் என்பதும் பெயருக்குத்தான். ஓய்வில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14-க்கு மேல் ஏற்றும். செல்ஃப் அடிக்கும் அந்தக் கணத்தில் 9-க்குக் கீழும் இறங்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி டெர்மினல் கழன்றால், தடுப்பு இல்லாத அமைப்பில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு மின்னழுத்தம் 100 வோல்ட்டை நெருங்கும். நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டியில் இதைத் தாங்கும் டயோடுகள் இருக்கும். மிக மலிவானதில் அவை இருக்கும் என்று நம்பி வாங்க முடியாது.

அடுத்தது ஃபியூஸ். அது கருவியைக் காப்பாற்ற வைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரைத்தான். ரிவர்ஸ் லைட் சர்க்யூட்டில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாரின் மெல்லிய ஒயர் எங்கோ தகட்டில் உரசித் தோல் உரிந்தால், அந்த ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் சூடாகி உருகலாம். ஆகவே ஜாயின்ட்டுக்கு அருகிலேயே 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். சில ரூபாய்ச் செலவு. கார் தீப்பிடிக்கும் அபாயத்துக்கு முன்னால் இதில் மிச்சம் பிடிப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

கறுப்பு ஒயர், அதாவது எர்த், பெயின்ட்டைச் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் இறுக்கமாக அமர வேண்டும். பெயின்ட்டின் மேலோ துருவின் மேலோ போல்ட் போட்டால், பின்னால் எதுவும் இல்லாதபோதும் பஸர் கத்தும். பழியைச் சென்சார் மேல் போட்டு மாற்றிவிட்டு மறுபடியும் அதே கத்தலைக் கேட்பவர்கள் உண்டு.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல். அங்கே விளக்குகளைக் கணினி நிர்வகிக்கிறது. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது அவ்வப்போது நொடிப்பொழுது கரண்ட் அனுப்பும். சில கார்களில் லைட்டுக்கே கரண்ட் விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் போகும். இதில் நேராகச் சேர்த்த சென்சார் விழிப்பதும் தூங்குவதுமாகத் தடுமாறும். டேஷ்போர்டில் பல்பு கோளாறு என்ற எச்சரிக்கையும் வரலாம். அப்போது ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் வரும் கரண்டை ஒரு ஃபியூஸ் டேப் வழியாக எடுத்து, ரிவர்ஸ் சிக்னலை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துவது ஒரு வழி. அந்தச் சிக்னல் துடிப்பாக வந்தால் ரிலேயும் படபடக்கும். அதற்கென்றே விற்கும் வடிகட்டியைச் சேர்க்க வேண்டும். அசல் ஒயரை வெட்டாமல் செய்வதே நல்லது. வெட்டினால் அந்தப் பகுதிக்கு வாரன்டி மறுக்கப்படலாம்.

எந்த ஒயர் என்று நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். கியரை எடுத்தால் சுழியமாக வேண்டும். பிறகு பிரேக்கை மிதித்தும், இண்டிகேட்டர் போட்டும், பார்க் லைட்டைப் போட்டும் பாருங்கள். மூன்றிலும் முள் அசையவில்லை என்றால் அதுதான் ஒயர்.