பலகையில் குறையில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழிக்கறி சமைத்தோம். இறைச்சி வெட்டிய பலகையைத் தண்ணீரில் அலசிவிட்டு, அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் வெட்டினோம். இரண்டாம் நாள் இரவு இளைய மகனுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டன. மூன்று நாட்கள் ஜீவனிக் கரைசலும் கஞ்சியுமாகக் கழிந்தன.

பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கியதும், கறுத்து வளைந்துபோயிருந்த அந்தப் பலகையை அடுப்பில் வைக்க என் மனைவி எடுத்தாள். மாமி தடுத்துவிட்டார். “பலகையைக் குறை சொல்லாதை பிள்ளை. கோழி வெட்டின பலகையிலை வெங்காயம் வெட்டினது ஆர்?” என்று கேட்டார்.

நோய் எங்கிருந்து வந்தது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் மாமியின் கேள்வி நியாயமானது. நம் குசினிகளில் நாள்தோறும் பயன்படும் இந்தச் சிறு பலகையைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறோம்?

ஆபத்து எங்கே இருக்கிறது?

பச்சைக் கோழி இறைச்சியில் சல்மனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். இறைச்சி நன்றாக வெந்ததும் அவை அழிந்துவிடும். ஆகவே கறியால் வரும் ஆபத்துக் குறைவு. ஆனால் அதே பலகையில் வெட்டிய வெங்காயம் நெருப்பைக் காண்பதேயில்லை. பலகையிலிருந்த கிருமி சம்பலோடு நேரே வயிற்றுக்குள் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகளை வெளியிட்டது. பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் பிரித்து வைப்பது அவற்றுள் ஒன்று. இதற்கு எளிய வழி இரண்டு பலகைகளை வைத்திருப்பது. இறைச்சிக்கும் மீனுக்கும் ஒன்று. மரக்கறிக்கும் பழத்துக்கும் பாணுக்கும் மற்றொன்று. ஒரு பலகைதான் உண்டு என்றால் மரக்கறியை முதலில் வெட்டி எடுத்து வைத்துவிட்டு, இறைச்சியைக் கடைசியாக வெட்டுங்கள்.

மரமா, பிளாஸ்ரிக்கா?

மரப் பலகை அழுக்கானது, பிளாஸ்ரிக் பலகையே சுத்தமானது என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் அவருடைய சகாக்களும் இதனை ஆராய்ந்து 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரத்தின் மேல் விடப்பட்ட கிருமிகள் சிறிது நேரத்தில் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டன. பின்னர் அவற்றை மேற்பரப்பிலிருந்து மீட்பது கடினமாயிற்று. கத்திக் கீறல்கள் விழுந்த பழைய பிளாஸ்ரிக் பலகையைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவதோ கடினமாக இருந்தது. மரத்தைக் கழுவத் தேவையில்லை என்பது இதன் பொருளல்ல. மரத்துக்கு அஞ்சி அதை எறிய வேண்டியதில்லை என்பதே பொருள்.

கழுவும் முறை

வேலை முடிந்தவுடன் கழுவுங்கள். ஒட்டியிருப்பவற்றைக் கத்தியின் முதுகால் வழித்தெடுத்து, சுடுநீரும் சவர்க்காரமும் விட்டு, தும்பினால் மரத்தின் நார் ஓடும் திசையில் இரு பக்கமும் தேய்த்து அலசுங்கள். இறைச்சிப் பலகையாயின் அதன்மேல் கொதிநீரும் ஊற்றுங்கள். வாசனை சேராத குளோரின் வெளிற்றுத் திரவம் கிடைத்தால், ஒரு மேசைக்கரண்டியை ஏறத்தாழ 4 லீற்றர் நீரில் கலந்து பூசி, சில நிமிடங்களின் பின் அலசிவிடலாம்.

உப்பும் வெட்டிய தேசிக்காயும் கொண்டு தேய்த்தால் மீன் வெடுக்குப் போகும். கிருமியை அழிக்க அவற்றை நம்பியிருக்க வேண்டாம்.

பலகையைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். ஈரம் ஏறும்போது மரம் அகலவாக்கில் விரியும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் பலகை வளையும். சீமெந்துத் திண்ணையில் படுக்க வைத்தால் அடிப்பக்கம் காயாது; பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, காற்றோட்டமான நிழலில் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். கடும் வெயிலில் நெடுநேரம் விட்டால் வெடிக்கும்.

எண்ணெய் பூசுதல்

மரத்தின் நுண்துளைகளில் எண்ணெய் ஏறினால் தண்ணீர் எளிதில் உட்புகாது. மருந்துக் கடைகளில் விற்கும், உட்கொள்ளத் தக்க பரபின் திரவம் கெட்டுப்போகாதது, சிறந்தது. அது இல்லாவிடில் புதிய தேங்காயெண்ணெய் போதும். அது மற்றைய சமையல் எண்ணெய்களைப் போல விரைவில் சிக்குப் பிடிப்பதில்லை. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் பிசுபிசுக்கும். வார்னிஷ் பூசவே கூடாது.

நன்றாகக் காய்ந்த பலகையில் இளஞ்சூடான எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். புதுப் பலகைக்கு மூன்று நான்கு தடவையும், பின்னர் மாதத்துக்கு ஒரு தடவையும் பூசலாம். மேலே சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். நீர் முத்தாக நின்றால் எண்ணெய் போதும். உடனே உறிஞ்சி மரம் கறுத்தால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

புதிதாகச் செய்விப்போருக்கு

வைரமான புளியம் பலகை கத்திக்கு ஈடுகொடுக்கும். மீன் சந்தைகளில் புளியங்குற்றி வைத்திருப்பது அதனால்தான். பலாப் பலகையும் பயன்படும். பச்சை மரத்தை வாங்காதீர்கள்; ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை நிழலில் காய ஏறத்தாழ ஒரு வருடம் செல்லும். பழைய கதவுகளின் வர்ணத்தில் ஈயமும், மருந்தேற்றிய கம்பங்களில் ஆசனிக்கும் இருக்கக்கூடும். அத்தகைய மரத்தில் உணவு வெட்டும் பலகை செய்விக்கக் கூடாது.

பழைய பலகையில் கீறல்கள் கூடினால் தச்சரிடம் கொடுத்து இரு பக்கமும் சமமாகச் சீவி, அரத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசுங்கள். உணவுத் துணுக்குகள் புகுந்து நிற்கும் ஆழமான வெடிப்பு இருந்தால் மட்டும் அது விறகுக்கு உரியது.

எங்கள் பலகையில் அத்தகைய வெடிப்பு இருக்கவில்லை. தச்சர் சீவித் தந்தபோது உள்ளே மஞ்சள் நிறப் பலா மரம் புதிதாகத் தெரிந்தது. அது இப்போது மரக்கறிக்கு மட்டும். இறைச்சிக்கெனப் புளியம் பலகை ஒன்று செய்வித்து, இருட்டிலும் கை தடவி அறியும்படி மூலையில் ஒரு துளை இட்டோம். மறதியில் யாராவது அதை வெங்காயத்துக்கு எடுத்தால், “அது ஓட்டைப் பலகை!” என்று முதலில் கூவுபவன் எங்கள் இளையவன்தான்.