முப்பத்தொன்றாவது பிள்ளை

வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கூட்டத்தில் ‘பள்ளி மேம்பாட்டுத் திட்டம்’ எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்களாம். கழிவறைக்குக் கதவு, பின்பக்கம் சுற்றுச்சுவர், கூடுதலாக ஒரு டீச்சர். போன வருஷமும் இதே மூன்றைத்தான் எழுதினார்களாம். “அந்தத் தாள் எங்கேதாங்க போகுது?” என்று கேட்கிறார்.

சட்டப்படி அந்தத் தாளுக்குப் பெரிய மரியாதை. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, மேலாண்மைக் குழு எழுதும் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு பணத்தையும் மானியத்தையும் திட்டமிட வேண்டும் என்கிறது. வந்தவாசி வட்டார வள மையம், திருவண்ணாமலையில் மாவட்டத் திட்ட அலுவலகம், சென்னையில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் மாநில இயக்ககம் என்று அது படியேற வேண்டும். எல்லா மாவட்டங்களின் கணக்கையும் சேர்த்து ‘ஆண்டுப் பணித் திட்டம், வரவு செலவு’ என்று ஒரு தடித்த ஆவணமாக்கி டெல்லிக்கு எடுத்துப் போவார்கள். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் உட்கார்ந்து ஒவ்வொரு இனமாக ஏற்கும், வெட்டும். ஏற்றதில் 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநில அரசு.

நடைமுறையில் அந்தத் தாள் வட்டாரத்தைத் தாண்டும் முன்பே மூன்றாகக் கிழிந்துவிடுகிறது. ஒன்றியப் பள்ளியின் கட்டடம் கல்வித் துறையின் பொறுப்பில் இல்லை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே கதவும் சுவரும் பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. டீச்சர் கேட்டது பணியாளர் நிர்ணயம் என்ற தனி வழியில் போகும். மிச்சமிருப்பது கையெழுத்துகள்.

கதவு விஷயத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. டெல்லியில் இருப்பவர் நம் தாளைப் படிப்பதில்லை, யுடைஸ் என்ற தகவல் தொகுப்பைத்தான் படிக்கிறார். நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் 11 இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்து மாவட்டம், வட்டாரம், ஊர், கடைசியில் பள்ளி. அந்தப் படிவத்தில் கழிவறைக்கு இரண்டு கட்டங்கள். எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது. கதவில்லாத கழிவறையை அவசரத்தில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று நிரப்பிவிட்டால் அந்தப் பள்ளியில் குறையே இல்லை என்றாகிவிடும். குழு எத்தனை தீர்மானம் போட்டாலும் சரி. பள்ளியின் யுடைஸ் அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். குழு உறுப்பினர்கள் அதை ஒருமுறை வாசித்துவிட்டு அப்புறம் திட்டம் எழுத உட்காருவது நல்லது.

பணம் எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். கேட்டவுடன் தலை சுற்றும், ஆனால் இதில் பெரும்பகுதி சம்பளம். எங்கள் ஊரில் கோரைப்பாய் நெய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எளிதில் புரியும். பாவு நூலைக் கட்டி முடித்த பிறகு பாயின் அகலத்தை யாராலும் மாற்ற முடியாது. ஊடே செருகும் கோரையில் எந்த இடத்தில் சாயக்கோரை, எந்த இடத்தில் வெள்ளைக்கோரை என்பது மட்டும்தான் நெய்கிறவர் கையில். சம்பளம் பாவு. மாவட்டம் திட்டமிடுவதாகச் சொல்வதெல்லாம் அந்த ஊடைக்கோரையைத்தான்.

அந்த ஊடையில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. பள்ளி மானியம். சாக்பீஸ், துடைப்பம், பழுது பார்ப்பு, சில்லறைச் செலவு எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வருகிற தொகை. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும் என்பது விதி. தொகை எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது தலை எண்ணிக்கை. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. அதற்கு மேல் 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம்.

இதைப் படிக்கட்டாகப் போட்டுப் பாருங்கள். 30 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் தலைக்கு 333 ரூபாய். ஒரு பிள்ளை கூடுதலாக வந்து சேர்ந்தால் தலைக்கு 806. அந்த ஒரு பிள்ளை மட்டும் தன் கையில் 15,000 ரூபாயோடு வாசலில் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் வருகிற 69 பிள்ளைகளும் ஒரு பைசா கொண்டுவருவதில்லை. நூறு பேர் ஆகும்போது தலைக்கு 250ஆக இறங்கியிருக்கும். நூற்றியோராவது பிள்ளை 25,000 ரூபாயோடு வரும். ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் தலைக்கு 75 ரூபாய், முழு வருஷத்துக்கும். எட்டுப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளியில் 1,250. சின்னப் பள்ளிக்கு அநியாயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் நெருக்கடி பெரிய பள்ளிகளில்தான் அதிகம்.

டீச்சர் விஷயத்திலும் இதே படிக்கட்டுதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு, 121 ஆனால் ஐந்து. அறுபது பேர் இருக்கும் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும். வாசகியின் பள்ளியில் கூடுதல் டீச்சர் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியது வீண் என்று நான் நினைப்பது இதனால்தான். ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. எண்ணிக்கை குறைந்த பள்ளியில் இருப்பவர் ‘உபரி ஆசிரியர்’ ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார்.

நம் ஒன்றியப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு கரும்பலகை. வகுப்புவாரியாக ஆண், பெண், கூடுதல். கீழே மொத்தம். ஜூன் மாதத்தில் அந்த மொத்தம் 29, 30 என்று நிற்கும் பள்ளிகளில் டீச்சர்கள் வெயிலில் தெருத் தெருவாகப் போவதைப் பார்க்கலாம். கையில் சேர்க்கைப் படிவம். மெட்ரிக் பள்ளி வேன் வருவதற்கு முன்பு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். ஒரு பிள்ளைக்காக இவ்வளவு மெனக்கெடுவது நல்லதுதான். மனசை உறுத்துவது வேறொன்று. முப்பத்தொன்றாவது பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த உபசாரம் நாற்பதாவது பிள்ளைக்கும் கிடைக்குமா என்பதற்கு விதியில் பதில் இல்லை.

தேதியிலும் ஒரு வேடிக்கை. யுடைஸ் கணக்கு செப்டம்பர் 30 நிலவரம். அக்டோபரில் அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட பிள்ளை காகிதத்தில் இங்கேயே படித்துக்கொண்டிருக்கும். அக்டோபரில் பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் அந்த ஆண்டுக் கணக்கில் இருக்காது. பணமாவது நேரத்துக்கு வருகிறதா என்றால் அதுவும் இல்லை. ஜூனில் வேண்டிய மானியம் பாதி வருஷம் போன பிறகு வரும், மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடு என்று போன் மேல் போன் வரும். அந்த அவசரத்தில் வாங்கும் சாமான் தேவைக்கு வாங்கியதாக இருக்காது. கடையில் என்ன இருந்ததோ அதுவாகத்தான் இருக்கும்.

பணம் தலை எண்ணிக்கையைப் பார்க்கிறது, சரி. படிப்பை யார் பார்க்கிறார்கள்? இங்கே நம் மாவட்டத்துக்கு மறந்துபோன பெருமை ஒன்று உண்டு. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஏழு மாநிலங்களின் 42 மாவட்டங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவற்றில் இதுவும் ஒன்று. அப்போது பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து ஐந்தே வருஷம். பெண்களின் எழுத்தறிவு தேசியச் சராசரிக்குக் கீழே இருக்கும் மாவட்டங்களாகப் பார்த்து எடுத்தார்கள். அந்த விதத்தில் பெருமை கொஞ்சம் கசப்பானது. உலக வங்கிக் கடன், 85 சதவீதம் ஒன்றிய அரசு வழியாக, 15 சதவீதம் மாநிலம். ஒரு மாவட்டத்துக்கு அதிகபட்சம் 40 கோடி. அதில் கட்டடத்துக்கு 24 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நிர்வாகத்துக்கு 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. சுவர் கட்டியே பணத்தைத் தீர்க்கும் நம் வழக்கத்துக்கு முன்கூட்டியே போட்ட கடிவாளம் அது.

இலக்கையும் எண்ணிலேயே எழுதினார்கள். இடைநிற்றல் 10 சதவீதத்துக்குள். ஆண் பெண் வேறுபாடும் சமூக வேறுபாடும் 5 சதவீதத்துக்குள். பிள்ளைகளின் சராசரித் தேர்ச்சி, தொடக்கத்தில் அளந்த அளவைவிடக் குறைந்தது 25 சதவீதம் உயர வேண்டும். பணம் கேட்பதற்கு முன்பு பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டு புறப்பட்ட திட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

அந்த 25 சதவீதத்திலும் ஒரு சூட்சுமம் இருந்தது. சராசரி 32 மதிப்பெண் இருந்த மாவட்டம் 40க்கு வந்தால் போதும், எட்டே மதிப்பெண். 60இல் இருந்த மாவட்டம் 75க்குப் போக வேண்டும், பதினைந்து மதிப்பெண். எங்கே தொடங்குகிறாய் என்பதைப் பொறுத்து மலையின் உயரமே மாறிவிடும். முதல் அளவீடு தாழ்ந்திருந்தால் நல்லது என்று யாருக்காவது தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

2001இல் அனைவருக்கும் கல்வி, 2009இல் இடைநிலைக் கல்வி, 2018இல் எல்லாவற்றையும் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று திட்டங்கள் பெருகப் பெருக, மாவட்டம் தன் இலக்கைத் தானே எழுதும் பழக்கம் தேய்ந்துவிட்டது. படிவம் மேலே தயாராகிறது, இங்கே நிரப்புகிறார்கள். எல்லாம் மேலே இருப்பதால் மேலே ஒரு சண்டை வந்தால் கீழே கரும்பலகை வரைக்கும் ஆடுகிறது. 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு ஏற்கப்பட்டது சுமார் 3,586 கோடி. அதில் ஒன்றிய அரசின் 60 சதவீதம் 2,152 கோடி. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று அந்தப் பணம் நிறுத்தப்பட்டது. 2025இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும். ஆனால் பிள்ளையின் தலையை எண்ணிக் கணக்கிட்ட பணத்தை, பிள்ளைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கையெழுத்துக்காக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேசிய அளவில் தேர்ச்சியை அளக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. 2021 நவம்பரில் ஒன்று, 2024 டிசம்பரில் ‘பரக்’ என்ற பெயரில் ஒன்று. மாதிரிக்கு எடுத்த பள்ளிகளில் மட்டும் நடத்துவார்கள். மாவட்டத்துக்கு ஒரு சராசரி கிடைக்கும். வந்தவாசிப் பக்கத்து ஒரு குறிப்பிட்ட ஒன்றியப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு எப்படி இருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதைச் சொல்லக்கூடிய இடம் அந்த வகுப்பறைதான். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் திணறுவது அரும்பு, தன் வகுப்புப் பாடத்தைப் படிப்பது மலர். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று டீச்சருக்குத் தெரியும். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க, கணக்குப் போட வேண்டும், அதை 2025க்குள் எட்ட வேண்டும் என்பது மாநிலம் வைத்திருந்த இலக்கு. அந்த இலக்கில் நம் பள்ளியின் பங்கு எத்தனை பிள்ளைகள் என்ற ஒரு வரியை மேம்பாட்டுத் திட்டத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. சுவருக்கு அளவு இருக்கும், பெயின்டுக்கு லிட்டர் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் அரும்பில் எத்தனை பேர், அரையாண்டுத் தேர்வுக்குள் அவர்களில் எத்தனை பேரை மொட்டுக்குக் கொண்டுவரலாம், அதற்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதைத் தீர்மானப் பதிவேட்டில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். ‘இதெல்லாம் உங்கள் வேலையில்லைம்மா’ என்று யாராவது சொன்னால் 21ஆம் பிரிவைக் காட்டலாம். பள்ளி எப்படி நடக்கிறது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையைச் சட்டம் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.