காசநோய்: சிகிச்சையின் முதல் நாளில் செய்யவேண்டிய பரிசோதனை

காசநோய் முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது. எனினும், இந்நோயால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. இதனைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது.

எங்கு அணுகுவது?

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் சளிப் பரிசோதனை அவசியம். திண்டுக்கல் நகரிலும், நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை வட்டாரங்களிலும் வசிப்போர் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். பரிசோதனையும் மருந்துகளும் இலவசம்.

தீவிர நோயின் அறிகுறிகள்

நோய் உறுதியானவுடன் சுகாதாரப் பணியாளர் கீழ்க்கண்டவற்றைச் சோதிப்பார்:

• உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் குறைவு (160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோவிற்கும் குறைவாக இருத்தல்), இரு கால்களிலும் வீக்கம் இருப்பின் 16 அல்லது அதற்குக் குறைவு
• நிமிடத்திற்கு 24க்கு மேற்பட்ட சுவாசம்
• இரத்த ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ்
• பிறர் துணையின்றி நிற்க இயலாமை

இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் மருத்துவமனையில் விரிவான பரிசோதனையும், தேவைப்படின் உள்நோயாளி சிகிச்சையும் வேண்டும். “மாத்திரைதான் தொடங்கிவிட்டோமே, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்” என்று குடும்பத்தினர் தாமதிக்கலாகாது. மருந்து கிருமிகளை அழிக்கும். ஆனால் மெலிந்த உடலுக்கு உணவூட்டமும், மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜனும் அந்நாட்களிலேயே தேவை.

வீட்டில் சிகிச்சை

தீவிர அறிகுறி இல்லாதோர் வீட்டிலிருந்தே குணமடையலாம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு, வீட்டுச் சிகிச்சையும் காசநோய் மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ நிகரான பலன் தருவதை உலகிற்கு எடுத்துக்காட்டியது. எனவே நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. காற்றோட்டமான அறையும், இருமும்போது வாயை மூடுவதும், முகக்கவசமும் பரவலைக் குறைக்கும்.

வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதங்கள். சில வாரங்களில் இருமல் குறைந்து வேலைக்குச் செல்லும் தெம்பு வந்தாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பவும், மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறவும் கூடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. கண் மஞ்சளாதல், பார்வை மங்குதல், தொடர் வாந்தி ஆகியன ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுகவும்.

ஊட்டச்சத்து உதவியாக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. உடன் வசிப்போர் அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

காசநோய் உதவி எண்: 1800 11 6666. மூச்சுத்திணறல் அல்லது இரத்த வாந்தி ஏற்பட்டால் 108ஐ அழைக்கவும்.