முன்னறையில் மிளகாய் மெஷின்: வீட்டில் வியாபாரம் செய்வோர் கவனத்துக்கு

பன்வில டவுனில் ஒரு சின்னக் கடை எடுக்கப் போனால், முற்பணத்தையும் மாத வாடகையையும் கேட்டவுடனேயே தலை சுற்றும். அதனால்தான் நம்மவர்களில் பலர் வீட்டு முன்னறையைத் திறந்து வியாபாரம் தொடங்குகிறார்கள். தையல், கேக், கைத்தொலைபேசி திருத்தம், கறித்தூள் பக்கெட் என்று எல்லாம் வீட்டில்தான் முளைக்கின்றன. நானும் அப்படித் தொடங்கியவன்தான். தொடங்கிய விதத்தில் பிழை விட்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நோன்பு காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கடன்பட்டு ஓர் அரைக்கும் மெஷின் வாங்கி முன்னறையில் பூட்டினேன். சுவரை உடைத்து ஷட்டரும் போட்டேன். வத்தேகமயிலும் மடுல்கலயிலும் உள்ள கடைகளிலிருந்து மிளகாய்த்தூளுக்கு ஓர்டர் வந்தது. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மெஷினுக்கு மேலே மாட்டினேன். இனி என்ன குறை என்ற நினைப்பு!

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர். இரண்டு முறை வந்து, "முதலாளி, ராத்திரி சத்தம் தாங்க முடியவில்லை, பிள்ளைகள் இருமுகிறார்கள்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். "சரி மாஸ்டர்" என்றேன். ஓர்டர் முடியட்டும் என்று மெஷினை நிறுத்தவில்லை. மூன்றாம் முறை அவர் என்னிடம் வரவில்லை, முறைப்பாடு எழுதினார். பார்க்க வந்த அதிகாரி கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது பெயருக்குத் தந்த கடிதம். இடத்துக்குத் தந்த கடிதம் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் இருக்கவில்லை. ஐந்து மாதம் மெஷின் பொலித்தீனுக்குள் கிடந்தது. நோன்பு வியாபாரம் போனது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

நம்மில் பாதிப்பேர் விடும் பிழை இதுதான். வியாபாரப் பெயர்ப் பதிவு என்பது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு. இந்தப் பெயரில் தொழில் செய்பவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எந்த இடத்தில் என்ன தொழில் செய்யலாம் என்பது பிரதேச சபையின் விடயம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இதற்கு மூன்று பிரிவுகள் உள்ளன. சாப்பாட்டுக் கடை, பேக்கரி போன்று உபவிதிகளுக்கு உட்பட்ட தொழில்களுக்கு 149ஆம் பிரிவின் கீழ் வருடாந்த அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரம் தேவைப்படாத கைத்தொழில்களுக்கு 150இன் கீழ் வரி. இவை இரண்டிலும் அடங்காத வியாபாரங்களுக்கு 152இன் கீழ் முந்திய வருட வருமானத்தைப் பார்த்து வரி. 1987இல் எழுதியபடி 149இல் உச்சத் தொகை 1,000 ரூபா. இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் ஒரு பருவ வியாபாரத்தை இழந்தேன்.

மெஷின் வைத்திருப்போருக்கு இன்னுமொன்று உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சில தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2008 ஜனவரி 25ஆம் திகதிய வர்த்தமானியில், மாதம் 1,000 கிலோவுக்குக் குறைவாக அரைக்கும் மில், பல்நோக்கு மெஷின் உள்ள தச்சுப் பட்டறை, வாகனம் திருத்தும் கராஜ் ஆகியவை உள்ளூராட்சி சபையே அனுமதி கொடுக்கும் பட்டியலில் இருந்தன. 2022இல் பட்டியல்கள் மாற்றப்பட்டன. எனவே மெஷினுக்குக் காசு கட்டுமுன் உங்கள் தொழில் இப்போது எந்தப் பட்டியலில் வருகிறது என்று சபையில் கேளுங்கள். உணவுப் பொருள் என்றால் பீ.எச்.ஐ. மஹத்தயாவையும் முதலிலேயே கூட்டிவந்து இடத்தைக் காட்டுவது நல்லது. பிறகு தரையை உடைப்பதைவிட அது மலிவு.

அடுத்தது வீடு. கண்டி மாநகரம் போல நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்குட்பட்ட பகுதியென்றால், வசிக்கும் வீட்டைக் கடையாக்குவது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனை மாற்றம்; அபிவிருத்தி அனுமதி வேண்டும். அதற்கு வெளியே உள்ள காணிகளுக்கு 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நான் சுவரை உடைத்து ஷட்டர் போட்டதும் அதன்படி அனுமதி எடுக்க வேண்டிய மாற்றம்தான். நம் பக்கம் மலைச்சரிவு வேறு. பின்பக்கம் மண்ணை வெட்டி ஸ்டோர் கட்ட நினைப்பவர்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு கண்டி மாவட்டம் பட்ட பாட்டைக் கண்ட பிறகு இதை நான் விளக்கத் தேவையில்லை.

"யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்போர் டில்லியை நினைக்கட்டும். குடியிருப்புப் பகுதிகளில் வருடக்கணக்காக நடந்த கடைகளுக்கு 2006இல் இந்திய உயர்நீதிமன்றத்தின் கட்டளைப்படி சீல் வைத்தார்கள். வியாபாரிகள் வீதிக்கு இறங்கினார்கள். 2007இல் வந்த புதிய பெருந்திட்டம் குறிப்பிட்ட வீதிகளில் வீடும் கடையும் கலந்திருக்க இடங்கொடுத்தது. அதற்கிடையில் பூட்டிக் கிடந்த கடைக்காரரின் நட்டத்தை யார் ஈடு செய்வது? இங்கும் தொல்லை பெரிதானால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் தொழிலை நிறுத்தச் சொல்ல நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

கடிதம் இல்லாத வியாபாரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வீட்டோடு சேர்ந்த கடையை இழந்த எனக்குத் தெரிந்த ஒருவர், அங்கே கடை இருந்தது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் நின்றார். வீட்டுக்கு எடுத்த காப்புறுதி உள்ளே இருக்கும் வியாபாரச் சரக்கையும் மூடும் என்று நம்பியிருப்பவர்களும் பத்திரத்தை இன்றே எடுத்து வாசியுங்கள்.

என் கதையில் மெஷின் இப்போது பின்பக்க அறையில், ரப்பர் விரிப்பின்மேல் இருக்கிறது. தூசு வெளியே போகாமல் பை கட்டியிருக்கிறேன். சபைக்குப் போகும்போது காணி உறுதிப் பிரதி, அனுமதி பெற்ற வீட்டு வரைபடம், வியாபாரப் பெயர்ச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றோடு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் எடுத்துப் போனேன். மாஸ்டர் உடனே கையொப்பமிடவில்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மட்டும், போயா தினத்தில் மெஷின் ஓடாது என்று சிங்களத்தில் தன் கையாலேயே எழுதி, முதலில் என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் தன்னுடையதைப் போட்டார்.