கால் என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'குவார்ட்டர்' என்றொரு சொல் உண்டு. நான்கில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். தமிழில் கால் என்கிறோம். அகராதியைப் புரட்டி, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எழுதிவிட்டால் பொருள் விளங்கிவிடும் என்று எண்ணுவோர் உளர். அது போதாது என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலில் நம் சொல்லையே நோக்குங்கள். காரைக்கால் பகுதியிலுள்ள நெடுங்காட்டில் ஒருவர் கால் என்றால் நாம் எதனைக் கொள்வது? நடப்பதற்கு உதவுவது கால்; வயலுக்கு நீர் கொணர்வது வாய்க்கால்; மணவீட்டில் நடுவது பந்தற்கால். கால் படி, கால் மணி என அளவுப் பெயரோடு சேரும்போதுதான் அது பின்னமாகிறது. அதில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது 16-இல் ஒரு பங்கு.

குவார்ட்டருக்கும் இவ்வாறே பொருள்கள் பல. ஆண்டின் காற்பகுதியாகிய மூன்று மாதத்தை அது குறிக்கும். உங்கள் காலாண்டுத் தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கால் டாலராகிய 25 சென்ட் நாணயத்திற்கும் அதுவே பெயர். நகரின் ஒரு பகுதியையும், பன்மையில் ஊழியர் குடியிருப்பையும் அது சுட்டும். 'எல்லாக் குவார்ட்டர்களிலிருந்தும்' என்றால் நாற்றிசையினின்றும் என்பது கருத்து. போரில் 'குவார்ட்டர் கொடுக்கவில்லை' என்றால், தோற்றவர்க்கு உயிர்ப்பிச்சை அளிக்கவில்லை என்று பொருள். அங்கே கால் என்று எழுதினால் நகைப்பே மிஞ்சும்.

மிகுந்த கவனம் வேண்டுவது மணி கூறும்போதுதான். 10 மணிக்கு 15 நிமிடம் இருக்கையில் நாம் ஒன்பதே முக்கால் என்கிறோம். கடந்த மணியோடு கூட்டுகிறோம். ஆங்கிலேயர் 'குவார்ட்டர் டு டென்' என்று வரும் மணியிலிருந்து கழிக்கின்றனர். பிரெஞ்சுக்காரரும் 'பத்து மணி, கால் குறைய' என்னும் கருத்துப்படவே சொல்வர். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிருவாகத்தில் இருந்த காரைக்கால் பகுதியில், கூட்டும் வழக்கும் கழிக்கும் வழக்கும் அருகருகே இருந்தன.

குவார்ட்டர் டு டென் என்பதைப் பத்தேகால் என்று கொள்ளும் மாணவர், தேர்வு மண்டபத்தை 30 நிமிடம் பிந்தியே அடைவார். காலளவு ஒன்றுதான், எண்ணும் திசையே வேறு. ஆதலின் இச்சொல்லைக் காணுந்தோறும் இரு வினாக்களை எழுப்புங்கள்: எதனுடைய கால்? கூட்டுவதா, கழிப்பதா? விடை கிடைத்தபின் மொழிபெயர்க்கத் தொடங்குங்கள்.