இடிந்த 'மேரி' எழுந்தது. நாற்காலி மட்டும் காலி!

புதுச்சேரி காந்தி திடலுக்குப் போகிறவர்கள் முதலில் செய்வது என்ன? காந்தி சிலை முன்னால் நின்று போட்டோ! 13 அடி உயர சிலை. சுற்றிலும் செஞ்சியில் இருந்து கொண்டு வந்த கருங்கல் தூண்கள். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரை சாலையில் வண்டிகளுக்குத் தடை. பயமில்லாமல் நடக்கலாம்.

தெற்கே கொஞ்சம் நடந்தால் 'மேரி' கட்டிடம். கடலைப் பார்த்த மாடி, வரிசையாகத் தூண்கள், ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல்கள்.

மாதா கோவிலா என்று கேட்கும் வெளியூர்க்காரர்களும் உண்டு. இல்லை சார்! பிரெஞ்சு மொழியில் 'மேரி' என்றால் மேயர் ஆபீஸ்.

1870-71ல் கட்டியது. 1880ல் ஊர்களுக்குத் தேர்தல் வைத்து நகரசபை அமைக்க உத்தரவு வந்தது. அந்த நகரசபைகளை லேசாக நினைத்துவிட வேண்டாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 ஓட்டு, எதிர்த்து 8. ஓட்டுப் போட்டவர்களில் நகரசபை உறுப்பினர்களும் இருந்தார்கள்.

மழையில் சரிந்தது

2014 நவம்பர் 29. விடாத மழை. ஊறிப்போயிருந்த கிழட்டுச் சுவர் தாங்கவில்லை. 140 வருஷத்துக்கு மேல் நின்ற கட்டிடம் இடிந்து மண்மேடானது! நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. மழை வந்து இடிக்கும்வரை விட்டுவைத்தது யார் குற்றம் என்று ஊரே பேசியது.

பிறகு உலக வங்கி உதவியுடன் ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவில், பழைய அமைப்பு மாறாமல் மறுபடியும் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார். பழசைப் பார்த்தவர்களே அசந்து போகும் அளவுக்கு அதே ஜாடை!

ஆனால் உள்ளே உட்கார ஊர் தேர்ந்தெடுத்த ஆள்? ஒருவரும் இல்லை!

1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006ல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. கட்டிடம் திறந்த அதே 2021ல் தேர்தல் தேதி அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுத் தகராறு கோர்ட்டுக்குப் போய், அதுவும் நின்றது. சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளிடம்தான் ஓடினார்கள்.

இடிந்ததைக் கட்டி முடிக்க ஆனது 7 வருஷத்துக்கும் குறைவுதான்.